பந்து ஒண்ணு இருந்தாப் போதும்னாங்க...

உலகத்துல எந்த ஊருக்குப் போனாலும் கால்பந்து காசில்லாதவன் ஆட்டம். பந்து இல்லாட்டி துணியைச் சுருட்டிக் கட்டி உதைப்பான். கோல் போஸ்ட் இல்லாட்டி ரெண்டு செருப்பைக் கழட்டி வைப்பான். பீலே, மரடோனா எல்லாம் அப்படி வந்தவங்கதான். அமெரிக்காவில் மட்டும் இது உல்டா. அங்கே சாக்கர் என்றாலே தனி வீடு, பெரிய வேன், சனி ஞாயிறு முழுக்க மைதானத்து ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மா.

இது எப்படி இப்படி ஆச்சு என்று ரொம்ப நாளாக மண்டைக்குள் ஒரு குடைச்சல். ஆணி பிடுங்கிய நேரம் போக மீதி நேரத்தில் தேடித் தேடிப் படித்ததை இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அமெரிக்காவிலும் இது ஆரம்பத்தில் பணக்காரன் ஆட்டம் இல்லை.

நியூ ஜெர்சியில் ஆன்சைட்டில் இருந்தபோது ஜெர்சி சிட்டியில் இருந்து நூவர்க்குக்கு தினமும் பாத் ரயில். வழியில் ஹாரிசன் என்று ஒரு ஸ்டேஷன். அதை ஒட்டி கியர்னி என்று ஒரு சின்ன ஊர். பார்த்தால் ஒண்ணும் விசேஷம் இருக்காது. ஆனா அமெரிக்கக் கால்பந்துக்கு இதைத் தொட்டில் என்றே சொல்லலாம். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியைச் சேர்ந்த கிளார்க் குடும்பம் இந்தப் பக்கம் நூல் ஆலை போட்டது. வேலைக்கு ஸ்காட்லாந்தில் இருந்து ஆட்கள் வந்தார்கள், வரும்போது பந்தையும் கொண்டுவந்தார்கள். அந்த ஆலையின் அணிதான் 1885இல் முதல் அமெரிக்கன் கப்பை ஜெயித்தது. நம்ம ஊர் மில் டீம் மாதிரி நினைச்சுக்கோங்க. ஷிஃப்ட் முடிஞ்சா ஆட்டம், அவ்வளவுதான். யாரும் யாருக்கும் ஃபீஸ் கட்டவில்லை.

இதுக்கு நூறு வருஷம் கழிச்சு, 1990 உலகக் கோப்பைக்குப் போன அமெரிக்க அணியில் மூன்று பேர் இதே கியர்னி வட்டாரத்தில் ஆடி வளர்ந்தவர்கள். டோனி மியோலா, ஜான் ஹார்க்ஸ், டாப் ராமோஸ். முறையே இத்தாலி, ஸ்காட்லாந்து, உருகுவே வழி வந்த குடும்பங்கள். ஒரு சின்ன ஊரும் அதன் அக்கம்பக்கமும், ஒரு தேசிய அணியில் மூணு ஆள்!

அதுக்கு முன்னால 1950. பிரேசிலின் பெலோ ஒரிசான்ச்சேயில் ஜூன் 29 அன்று அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்தது. உலகக் கோப்பை வரலாற்றில் இன்னிக்கும் பேசப்படும் அதிர்ச்சி. அந்த அணியில் யார் யார் தெரியுமா? கோல் கீப்பர் ஃபிராங்க் போர்கி சவ ஊர்தி ஓட்டியவர். ஹாரி கியோ தபால்காரர். வால்டர் பார் பள்ளிக்கூட வாத்தியார். கோல் போட்ட ஜோ கேட்ஜென்ஸ் ஹைட்டியில் இருந்து படிக்க வந்து, நியூயார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவர். களமிறங்கிய 11 பேரில் 5 பேர் செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரர்கள். அங்கே சர்ச்சுக்கு சர்ச் ஒரு டீம் இருந்தது. தெருப் பையன் யாராக இருந்தாலும் ஆடலாம்.

(கேட்ஜென்ஸ் கதை தனிப் பதிவு போட வேண்டிய கதை. ஹைட்டிக்குத் திரும்பிப் போனவரை 1964இல் துவாலியே ஆட்சியின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதுக்கப்புறம் யாரும் அவரைப் பார்க்கவில்லை.)

அதே 1964இல்தான் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் டொரன்ஸ் என்ற ஊரில், ஒரு கார் ஷெட்டில் சிலர் கூடி ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஒன்பது டீமோடு ஆரம்பம். கொள்கை ரொம்ப எளிமை: எல்லாரும் ஆடணும். எவ்வளவு சுமாராக ஆடினாலும் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டம் களத்தில் இருக்க வேண்டும். கோச்சுக்குச் சம்பளம் கிடையாது. எவனோ ஒருத்தரோட அப்பாதான் கோச். பாதிப் பேருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது. :-)

நடுத்தர வர்க்கம் சாக்கருக்குள் வந்தது இந்த வாசல் வழியாகத்தான். அந்தக் காலப் பெற்றோருக்கு இது பிடித்ததற்குக் காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? செலவு கம்மி! அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு ஹெல்மெட், தோள் கவசம் என்று ஆயிரம் சாமான். மண்டை உடையும் பயம் வேற. இதுக்கு ஒரு பந்து, ஒரு ஜோடி ஷூ. உயரமும் உடம்பும் வேண்டாம். பெண்பிள்ளைகளும் ஆடலாம். 1972இல் டைட்டில் 9 சட்டம் வந்ததும் பள்ளி, கல்லூரிகள் பெண்களுக்கும் விளையாட்டு வாய்ப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டது, அவர்களும் சாக்கருக்கு வந்து குவிந்தார்கள். 1975இல் பீலே நியூயார்க் காஸ்மாஸுக்கு வந்தார். 1977இல் காஸ்மாஸ் ஆடிய ஒரு ஆட்டத்துக்கு 77,691 பேர் வந்தார்கள் என்றால் பார்த்துக்கோங்க. 1974இல் யு.எஸ். யூத் சாக்கர் தொடங்கியபோது பதிவு செய்த பிள்ளைகள் சுமார் 1 லட்சம். 2000இல் அதுவே சுமார் 30 லட்சம்.

அப்புறம் எங்கே கெட்டுது?

ஒரே நாளில் கெடவில்லை. காஸ்மாஸ் ஆடிய அந்த லீக் 1984 சீசனோடு படுத்துவிட்டது. அதில் ஆட வந்த இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, யூகோஸ்லாவியா ஆட்கள் பலர் ஊர் திரும்பவில்லை. பிழைப்புக்கு என்ன வழி? பசங்களுக்குக் கோச்சிங். கோடைக்கால கேம்ப் போட்டார்கள், கிளப் ஆரம்பித்தார்கள். அப்பாக்கள் சும்மா சொல்லிக்கொடுத்த இடத்தில் சம்பளம் வாங்கும் கோச் வந்தார். அதுவும் பிரிட்டிஷ் உச்சரிப்போட பேசினா மவுசே தனி. நம்ம ஊர்ல இங்கிலீஷ் மீடியம் பஸ் தெருவுக்குள்ள நுழைஞ்ச கதைதான்.

இன்னொரு பக்கம் அரசாங்கம் கையைக் கழுவியது. 1978இல் கலிஃபோர்னியாவில் சொத்து வரிக்கு உச்சவரம்பு போடும் ஒரு சட்டத்தை மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள். உள்ளாட்சிக்கு வருமானம் விழுந்தது. விழுந்தால் முதலில் எதை வெட்டுவார்கள்? பூங்கா, விளையாட்டு மைதானம், கோடைக்கால விளையாட்டுத் திட்டம். ஊர்ச் செலவில் நடந்தது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அப்பா அம்மா பாக்கெட்டுக்கு மாறியது.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியமான காரணம். மத்த நாட்டில் ஒரு சின்ன கிளப் ஒரு பையனை வளர்த்துவிட்டால், அவனைப் பெரிய கிளப்புக்குக் கொடுக்கும்போது காசு வரும். அந்தக் காசில் அடுத்த பத்துப் பையன்களை இலவசமாக வளர்க்கலாம். அயாக்ஸும் பார்சிலோனாவும் பையனை ஒரு முதலீடாகப் பார்க்கின்றன. அமெரிக்காவில் அந்தக் குழாய் அடைத்துக் கிடந்தது. 1984க்கும் 1996க்கும் நடுவில் பெரிய வெளிமைதான லீக்கே கிடையாது, அப்போ யாருக்கு விற்பது? கிளப்புக்கு வருமானம் வேண்டுமென்றால் ஒரே வழி, ஆடுகிற பிள்ளையின் பெற்றோர். அதாவது நல்ல ஆட்டக்காரன் சரக்காக இல்லாமல் வாடிக்கையாளராக ஆகிவிட்டான். மென்பொருள் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், பில்லிங் யார் மேல என்பதை வைத்துத்தான் எல்லா டிசைனும் மாறும்.

வாடிக்கையாளரை எப்படித் தக்க வைப்பது? பிரித்துப் பிரித்துத்தான். சாதாரண லீக், அதுக்கு மேல டிராவல் டீம், அதுக்கு மேல பிரீமியர், அதுக்கு மேல எலீட். எட்டு ஒன்பது வயசுப் பிள்ளைக்கே வருஷா வருஷம் தேர்வு. ஏ டீமில் இடம் கிடைக்காவிட்டால் பி டீம், இல்லாவிட்டால் சி டீம். பல கிளப்களில் ஃபீஸ் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனால் நல்ல கோச்சும் நல்ல மைதானமும் ஏ டீமுக்கு. அதாவது பி, சி டீம் அப்பாக்கள் கட்டுகிற காசில்தான் ஏ டீம் ஓடுது. மேனேஜ்மென்ட் கோட்டா இல்லாமல் காலேஜ் நடத்த முடியுமா என்று ஒரு கரஸ்பாண்டன்ட் கேட்டது ஞாபகம் வருது. ;-)

1994 உலகக் கோப்பை அமெரிக்காவில் நடந்தது. மொத்தம் 35 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் மைதானத்துக்கு வந்தார்கள். 1996இல் எம்.எல்.எஸ். தொடங்கியது. அதே 1996 ஜனாதிபதித் தேர்தலில் 'சாக்கர் மாம்' என்ற சொல் பத்திரிகை பூரா ஓடியது. வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பிராக்டிஸுக்கு ஓடும் புறநகர் அம்மாவின் ஓட்டு யாருக்கு, கிளின்டனுக்கா டோலுக்கா என்று ஒரே ஆராய்ச்சி. ஒரு விளையாட்டின் பெயரை வைத்தே ஒரு வருமானப் பிரிவைச் சொல்லிவிடலாம் என்ற நிலைமை அப்போதே வந்துவிட்டது.

1997இல் டிஸ்னிக்காரன் ஃப்ளோரிடாவில் பெரிய விளையாட்டு வளாகம் திறந்தான். பிள்ளைகள் டோர்னமென்ட் ஆட வந்தால் குடும்பமே வரும், குடும்பம் வந்தால் ஹோட்டல், சாப்பாடு, டிக்கெட். அதைப் பார்த்து ஊர் ஊருக்கு இதே வேலை. பல டோர்னமென்ட்களில் ஒரு விதி உண்டு, அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் ரூம் போட வேண்டும், இல்லாவிட்டால் டீம் ஆட முடியாது. சொந்தக்காரன் வீடு பக்கத்துத் தெருவில் இருந்தாலும் சரி. அந்த ரூம் வாடகையில் ஒரு பங்கு டோர்னமென்ட் நடத்துறவனுக்குப் போகும்.

எங்க டீமில் ஒரு அண்ணன் இருந்தார், மதுரைப் பக்கம், அமெரிக்கா வந்து பதினைந்து வருஷம். பொண்ணு பி டீம். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"எவ்ளோண்ணே ஆகுது வருஷத்துக்கு?"

"கிளப்புக்கு மூவாயிரத்து இருநூறு டாலர் தம்பி. அது நுழைவுச் சீட்டு மாதிரி. யூனிஃபார்ம் தனி, ரெண்டு செட்டு. குளிர்காலத்துல உள்ளரங்க வாடகை தனி. டோர்னமென்ட் அஞ்சு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாள் ஹோட்டல், பெட்ரோல், வெளிச் சாப்பாடு. கூட்டிப் பாக்கறத நிறுத்திட்டேன்."

"அவ்ளோ நல்லா ஆடுவாளா?"

சிரித்தார். "சுமாரா ஆடுவா. வருஷா வருஷம் நிறுத்திடலாம்னுதான் நினைக்கறேன். அவ கூட்டாளிங்க எல்லாம் அங்கதான தம்பி இருக்காங்க. நிறுத்தினா சனிக்கிழமை அவளுக்குப் பேச ஆள் கிடையாது."

ரெண்டாவது பையனுக்கும் ஏழு வயசாகுது என்று சொல்லிவிட்டுத் தயிர் சாதத்தை மூடி வைத்தார்.

அவர் சொல்லாத இன்னொரு காரணம் ஸ்காலர்ஷிப். பல பெற்றோர் மனசுக்குள் இருக்கும் கணக்கு அதுதான், இன்னிக்குப் போடற காசு காலேஜ் ஃபீஸில் திரும்பி வந்துடும்னு. கணக்கைப் பாருங்க. 2025இல் விதி மாறும் வரைக்கும், முதல் நிலைக் கல்லூரி ஒன்றின் ஆண்கள் சாக்கர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த ஸ்காலர்ஷிப் 9.9. ஆமாங்க, பத்து கூட இல்லை. அதை இருபத்தஞ்சு முப்பது பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். பெண்களுக்கு 14. உயர்நிலைப் பள்ளியில் ஆடும் பையன்களில் கல்லூரி அணி வரைக்கும் போகிறவர்களே நூற்றுக்கு சுமார் ஆறு பேர், அதுவும் மூன்று நிலைகளையும் சேர்த்து. எட்டு வயசில் இருந்து கட்டிய ஃபீஸை ஒரு ஆர்.டி.யில் போட்டிருந்தால் தேவலை.

இந்தக் கணக்கின் உச்சக்கட்டக் கூத்து 2019இல் வெளியே வந்தது. கல்லூரி சேர்க்கை லஞ்ச வழக்கில், யேல் பல்கலைக்கழகத்தின் பெண்கள் சாக்கர் கோச், ஆட்டமே சரியாக ஆடாத ஒரு பெண்ணைத் தன் டீமுக்கான ஆள் என்று காட்டி உள்ளே விட 4 லட்சம் டாலர் வாங்கியிருந்தார். அந்தக் குடும்பம் இடைத்தரகருக்குக் கொடுத்தது மொத்தம் 12 லட்சம் டாலர். சாக்கர் என்பது காலேஜ் கதவைத் திறக்கிற சாவி என்பதை இதைவிடப் பச்சையாக யாரும் சொல்ல முடியாது.

சரி, காசு இல்லாத வீட்டில் நிஜமாகவே திறமையான ஒரு பையன் பிறந்தால்? அதுக்குத்தான் கிளின்ட் டெம்ப்சியின் கதை.

டெம்ப்சி 1983இல் பிறந்தவர். டெக்ஸஸில் நகடோச்சஸ் என்ற சின்ன ஊர். குடும்பம் கொஞ்ச காலம் டிரெய்லர் வீட்டில் இருந்தது. மெக்சிகோவில் இருந்து வந்த குடும்பத்துப் பசங்களோடு மண் தரையில் ஆடிக் கற்றுக்கொண்டவர். அண்ணன் டல்லஸில் ஒரு பெரிய கிளப்பின் தேர்வுக்குப் போனபோது இவரும் கூடப் போனார். ஓரமாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்து, கிளப் அவரை எடுத்துக்கொண்டது. டல்லஸ் டெக்ஸன்ஸ் என்று பெயர். வீட்டில் இருந்து டல்லஸுக்கு காரில் போக மட்டும் மூணு மணி நேரம். வர மூணு மணி நேரம்.

அந்த வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருந்தது. அக்கா ஜெனிஃபர், நல்ல டென்னிஸ் ஆட்டக்காரி, ரேங்கிங்கில் ஏறிக்கொண்டிருந்தவர். ரெண்டு பேருக்கும் செலவு செய்ய வீட்டில் வசதி இல்லை, நேரமும் இல்லை. டெம்ப்சி கிளப்பை விட்டு நின்றார். அப்புறம் டீமில் இருந்த மற்ற பசங்களின் பெற்றோர் சிலர் செலவிலும் பயணத்திலும் உதவுகிறோம் என்று முன்வந்ததால் திரும்பப் போக முடிந்தது. 1995இல் ஜெனிஃபர் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். வயசு 16.

டெம்ப்சி அப்புறம் அமெரிக்காவுக்காக 57 கோல் போட்டார். லாண்டன் டோனவனோடு சேர்ந்து நாட்டின் ஆண்கள் சாதனை. மூன்று உலகக் கோப்பைகளில் கோல் போட்டிருக்கிறார், 2014இல் கானாவுக்கு எதிராக ஆட்டம் ஆரம்பித்து அரை நிமிஷத்திலேயே. கோல் போட்டதும் வானத்தைப் பார்த்துக் கையைக் காட்டுவார், அக்காவுக்காக.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது ஒன்றுதான். நாட்டுக்கு அதிக கோல் போட்ட ஆள், நாலு அப்பா அம்மா மனசு வைத்ததால் தப்பிப் பிழைத்தவர். எந்த அமைப்பும் அவரைத் தேடிப் போகவில்லை. மனசு வைக்க ஆள் கிடைக்காத பையன் எந்த மண் தரையில் நின்றுபோனான் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ரோஜர் பென்னட்டும் பொருளாதாரப் பேராசிரியர் கிரெக் காப்லனும் 1993இல் இருந்து 2013 வரை தேசிய அணிக்கு ஆடியவர்கள் எந்தெந்தப் பகுதியில் இருந்து வந்தார்கள் என்று அஞ்சல் குறியீட்டை வைத்துப் பார்த்தார்கள். சராசரி அமெரிக்கனைவிட வருமானமும் படிப்பும் கூடுதலான பகுதிகள் அவை. கூடைப்பந்து நட்சத்திரங்களின் ஊர்கள் அதுக்கு நேர் எதிர்.

இன்னொரு கொடுமை. ஃபிஃபா 2001இல் கொண்டுவந்த விதிப்படி ஒரு ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு விலைக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயசில் இருந்து 23 வயசு வரை வளர்த்த கிளப்களுக்குப் போக வேண்டும். அமெரிக்கச் சிறுவர் கிளப்களுக்கு இது வரவில்லை. ஏகபோக எதிர்ப்புச் சட்டம், பழைய வழக்கு என்று காரணம் காட்டி யு.எஸ். சாக்கர் அந்த விதியை நடைமுறைப்படுத்தவில்லை. டியாண்ட்ரே யெட்லின் 2014இல் டாட்டன்ஹாமுக்குப் போனபோது, அவரை வளர்த்த கிராஸ்ஃபயர் பிரீமியர் பங்கு கேட்டு ஃபிஃபா வரைக்கும் போனது. 2019இல் எம்.எல்.எஸ். திடீரென்று, இனி நாங்களும் இந்தப் பணத்தைக் கேட்போம் என்று அறிவித்தது. வெளிநாட்டுக்குப் போவது தங்கள் அகாடமிப் பசங்க என்று ஆனதும் ஞானோதயம்!

யு.எஸ். சாக்கர் சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1999இல் ஃப்ளோரிடாவின் பிராடென்டனில் 17 வயதுக்குட்பட்டோருக்கு தங்கிப் பயிலும் பள்ளி வைத்தார்கள், டோனவன் அதன் முதல் செட். நல்ல விஷயம்தான், ஆனால் ஒரு நாட்டுக்கு முப்பது நாற்பது பேர். 2007இல் டெவலப்மென்ட் அகாடமி என்று பெரிய லீக். தரம் கூடியது, கூடவே தூரமும் கூடியது. ஆட்டத்துக்கு விமானத்தில் போக வேண்டிய நிலைமை. 2012இல் இருந்து பள்ளி அணியில் ஆடவும் தடை. எம்.எல்.எஸ். கிளப்களின் அகாடமிகள் மெல்ல மெல்ல இலவசம் ஆயின. அந்தக் கிளப் இல்லாத ஊர்க்காரன் கதை பழைய கதைதான்.

2017 அக்டோபர் 10. டிரினிடாடின் கூவா மைதானத்தில் அமெரிக்கா 2-1 என்று தோற்றது. 1986க்கு அப்புறம் முதல்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. அன்னிக்கு ராத்திரிதான் ஊரே காசு கட்டி ஆடும் முறையைத் திட்ட ஆரம்பித்தது. கோல் கீப்பர் ஹோப் சோலோ 2018இல், இன்னிக்கு நான் சின்னப் பெண்ணாக இருந்தால் எங்க வீட்டு வசதிக்கு என்னை இந்த ஆட்டத்தில் சேர்த்திருக்கவே முடியாது என்கிற மாதிரி பேசினார். அந்த வருஷம் வந்த புள்ளிவிவரப்படி 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் தொடர்ந்து சாக்கர் ஆடுவோர் எண்ணிக்கை மூன்றே வருஷத்தில் சுமார் 14 சதவீதம் விழுந்திருந்தது.

அப்புறம் கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில் டெவலப்மென்ட் அகாடமியையே இழுத்து மூடினார்கள். அதே வருஷம் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் என்று புதுப் பெயரில் இன்னொன்று. பெண்கள் பக்கம் 2009இல் தொடங்கிய இ.சி.என்.எல். தனியாக ஓடுது. எழுத்துகள் மாறுது, கட்டுகிற ஆள் மாறவில்லை. ஆஸ்பென் இன்ஸ்டிடியூட் 2019இல் எடுத்த கணக்குப்படி எல்லா விளையாட்டும் சேர்ந்த சராசரி, ஒரு பிள்ளைக்கு ஒரு விளையாட்டுக்கு வருஷம் 693 டாலர், சாக்கருக்கு 537. சும்மா பூங்காவில் ஆடுகிற பிள்ளையையும் சேர்த்த சராசரி என்பதால் சின்னதாகத் தெரியும். 2024இல் அதே நிறுவனம் மறுபடி எடுத்தபோது, ஒரு பிள்ளையின் முக்கிய விளையாட்டுக்குக் குடும்பம் செய்யும் செலவு சராசரியாக 1,016 டாலர். அஞ்சு வருஷத்தில் 46 சதவீதம் ஏற்றம். எனக்கு அப்ரைசலில் அவ்ளோ ஏறலை சாமி.

ஏ.ஒய்.எஸ்.ஓ. இன்னிக்கும் இருக்கிறது, எல்லாரும் ஆடணும் என்ற அதே கொள்கையோடு, யாரோட அப்பாவோ கோச்சாக. கொஞ்சம் நன்றாக ஆடுகிற பிள்ளையை ஒன்பது பத்து வயசில் டிராவல் கிளப் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

பிள்ளையை டிராவல் டீமில் விட்டிருக்கும் அமெரிக்கவாழ் பதிவர்கள் யாராச்சும் இருந்தா, வருஷத்துக்கு எவ்ளோ ஆகுதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. பேர் போட வேண்டாம், அனானியா வந்தாலும் சரி. ஆனா ஹோட்டல் கணக்கையும் சேர்த்துச் சொல்லணும்.